உயிருள்ள செல்லைப் படம்பிடிக்க ஒரு சேம்பர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செல்லைச் சூடாக வைத்து வளர்க்கும் இன்குபேட்டரில் இருந்து டிஷ்ஷை (செல் வளரும் தட்டை) எடுத்து, இரண்டு நிமிடம் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பவருக்கு இந்தப் பக்கம் தேவையில்லை. ஒரே செல்லை ஒரு நாள், இரண்டு நாள் விடாமல் படம்பிடிக்க நினைப்பவருக்காக எழுதியது. செல்லை நுண்ணோக்கியிலேயே சூடாகவும் ஈரமாகவும் வைத்திருக்கும் சேம்பரை வாங்குவதா, நாமே செய்துகொள்வதா என்று குழம்பும் ஆய்வு மாணவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றைத்தான் இங்கே சேர்த்திருக்கிறேன். வெப்பநிலை எல்லாம் செல்சியஸில். வெறுமனே செல் என்று சொன்னால் பாலூட்டிச் செல் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

டிஷ்ஷை அப்படியே மேடையில் வைத்துப் படமெடுத்தால் ஆகாதா?

சில நிமிட வேலைக்கு ஆகும். அதற்கு மேல் ஆகாது. 35 மி.மீ. டிஷ்ஷில் இருப்பது இரண்டு மி.லி. மீடியம் (செல்லை வளர்க்கும் ஊட்டத் திரவம்), அதன் உயரம் இரண்டு மி.மீ. சொச்சம். சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள அங்கே ஒன்றும் கிடையாது. வெளியே எடுத்த சில நிமிடங்களிலேயே அறை வெப்பத்தை நோக்கி இறங்கத் தொடங்கும். குளிர்ந்தால் செல்லுக்குள் இருக்கும் மைக்ரோட்யூபியூல் (செல்லுக்குச் சட்டமாக இருக்கும் நுண்குழல்) கலையத் தொடங்கும். அதோடு செல் இரண்டாகப் பகுவதும் மந்தமாகும், உள்ளே நடக்கும் போக்குவரத்தும் மந்தமாகும்.

அடுத்து, மீடியத்தில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். ஃபீனால் ரெட் என்ற நிறங்காட்டி கலந்த மீடியம் என்றால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: செம்மையாக இருந்தது ரோஜா நிறமாகும், அப்புறம் கத்தரிப்பூ நிறத்துக்குப் போய்விடும். பி.எச். 8-ஐத் தாண்டி மீடியம் காரமாகிவிட்டது என்று பொருள். இதெல்லாம் நடக்கும்போதே தண்ணீரும் ஆவியாகிக்கொண்டிருக்கும். அதுதான் கண்ணுக்குத் தெரியாது.

1907-இல் ராஸ் ஹாரிசன் தவளைக் கருவின் நரம்பு நார் வளர்வதை, கவர்ஸ்லிப்பில் (மெல்லிய கண்ணாடித் தகட்டில்) தொங்கவிட்ட ஒரு துளி நிணநீரில் வைத்தே பார்த்தார். தவளை குளிர்ரத்தப் பிராணி, அறை வெப்பமே அதற்குப் போதும். மனிதச் செல்லையும் எலிச் செல்லையும் வைத்துக்கொண்டிருக்கும் நமக்கு அந்தச் சலுகை கிடையாது.

எல்லாச் செல்லுக்கும் 37 டிகிரிதானா?

இல்லை. ஈஸ்டுக்கு 30, வரிக்குதிரை மீன் கருவுக்கு 28.5, பழ ஈயின் செல்லுக்கு 25 என்று வைப்பது வழக்கம். பூச்சிச் செல்களுக்குப் பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடும் வேண்டாம். ஒன்றை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். அறையே 27 டிகிரியில் இருந்தால், ஹீட்டர் மட்டும் உள்ள பெட்டியால் 20 டிகிரியைக் கொண்டுவர முடியாது. 20 டிகிரியில் வளரும் புழுவை வைத்து வேலை செய்பவருக்குக் குளிரூட்டியும் சேர்ந்த வேறு வடிவமைப்பு வேண்டும். இந்தப் பக்கம் சூடேற்றுவதைப் பற்றியது.

முழு நுண்ணோக்கியையும் மூடும் பெட்டியா, மேடையில் உட்காரும் சிறு சேம்பரா?

முடிந்தால் இரண்டும். வெப்பத்துக்குப் பெரிய பெட்டி, வாயுவுக்கும் ஈரத்துக்கும் அதற்குள் ஒரு சிறு சேம்பர். என் அனுபவத்தில் இதற்கு நிகரான ஏற்பாடு வேறு இல்லை.

காரணம் இதுதான். மேடைச் சேம்பரை மட்டும் வைத்தால், டிஷ் 37-இல், நுண்ணோக்கி 22-இல் என்று இரண்டு உலகம் உருவாகும். அந்த இரண்டையும் ஆப்ஜெக்டிவ் (டிஷ்ஷின் அடியில் இருக்கும் லென்ஸ்) இணைத்து வைக்கிறது. சூடு ஓயாமல் கீழே வடிந்துகொண்டே இருக்கும். பெரிய பெட்டியில் ஆப்ஜெக்டிவ், அது மாட்டியிருக்கும் சுழலி, மேடை எல்லாம் ஒரே வெப்பத்தில் இருப்பதால் வடிவதற்கு வழியில்லை. ஃபோகஸும் அடங்கி உட்காரும்.

பெட்டியின் குறை அதன் மந்தம். சூடாகப் பல மணி நேரம் எடுக்கும். கதவைத் திறந்தால் போச்சு. 37-இல் இருந்து 40-க்கு ஏற்றி, பத்து நிமிடத்தில் திரும்ப இறக்க வேண்டும் என்ற மாதிரிச் சோதனைக்குப் பெட்டி உதவாது. அங்கே சிறு சேம்பரோ, சூடான மீடியத்தை ஓடவிடும் மூடிய சேம்பரோதான் சரி. பலர் பங்குபோட்டுப் பயன்படுத்தும் நுண்ணோக்கி என்றாலும் பெட்டி தகராறு இழுக்கும். ஒருவர் சூடு வேண்டும் என்பார், அடுத்தவர் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போவார்.

எத்தனை வாட் ஹீட்டர் வேண்டும்?

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். பெட்டி 60 செ.மீ. அகலம், 60 செ.மீ. ஆழம், 80 செ.மீ. உயரம் என்று வையுங்கள். மேல்தட்டு 0.36 சதுர மீட்டர், நான்கு பக்கம் சேர்த்து 1.92, ஆக மொத்தம் 2.28. ஒற்றைச் சுவர் அக்ரிலிக் வழியாகச் சதுர மீட்டருக்கு, டிகிரிக்கு ஏறத்தாழ 5 வாட் வெளியேறும். டிகிரிக்குச் சுமார் 11.4 வாட். அறை 22, பெட்டி 37 என்றால் வித்தியாசம் 15 டிகிரி. ஏறத்தாழ 170 வாட். கேபிள் ஓட்டை, கதவு இடுக்கு எல்லாவற்றையும் சேர்த்தால் 300 வாட் ஹீட்டர் தாராளம்.

பெரியதாக இருந்தால் சீக்கிரம் சூடாகுமே என்று 1000 வாட் ஹீட்டர் போடுபவர்கள் உண்டு. வேண்டாம். காற்று சீக்கிரம் சூடாகும், இரும்பும் அலுமினியமும் ஆகாது. 30 கிலோ அலுமினிய உடலை 15 டிகிரி ஏற்றச் சுமார் 400 கிலோஜூல் வேண்டும். காகிதத்தில் அது 200 வாட்டுக்கு அரை மணி நேர வேலை. ஆனால் காற்றில் இருந்து உலோகத்துக்குச் சூடு மெதுவாகத்தான் இறங்கும் என்பதால், மூன்று நான்கு மணி நேரம் ஆகும். முதல் நாள் மாலையே போட்டுவிட்டுப் போவதுதான் நடைமுறை.

ஹீட்டரையும் ஃபேனையும் பெட்டிக்குள்ளேயே வைக்கலாமா?

ஃபேனை வைக்காதீர்கள். ஊதும் கருவியைத் தரையிலோ தனி மேசையிலோ வைத்து, தொளதொளப்பான குழாய் வழியாகச் சூடான காற்றை உள்ளே அனுப்பி, இன்னொரு குழாய் வழியாக அதையே திரும்ப இழுத்துக்கொள்ளுங்கள். குழாய் விறைப்பாக இருந்தால் அதிர்வை அதுவே சுமந்து வந்துவிடும். நேராக நீட்டாமல் ஒரு தொய்வு விட்டு மாட்டுங்கள். காற்று டிஷ்ஷின்மேல் நேராக அடிக்கக் கூடாது. குழாயின் வாயில் ஓட்டை போட்ட தகடு ஒன்றை வைத்தால் வேகம் சிதறிவிடும்.

கேமரா, விளக்கு இரண்டும் சூடு கக்குபவை. அவை பெட்டிக்கு வெளியே இருக்கட்டும்.

சுவருக்கு எந்தப் பொருள் நல்லது?

5 அல்லது 6 மி.மீ. அக்ரிலிக் போதும். பாலிகார்பனேட் அடிதாங்கும், ஆனால் எளிதில் கீறல் விழும். அக்ரிலிக்கை 70% எத்தனால் போட்டுத் துடைக்கவே துடைக்காதீர்கள். திருகு முடுக்கிய இடங்களில் சிலந்தி வலை மாதிரி மெல்லிய விரிசல் கிளம்பும். சோப்புத் தண்ணீரே போதும்.

ஓரங்களை அடைக்கும் சிலிக்கோன் பசையில் கவனம் தேவை. காடி வாடை வீசும் வகை, காயக் காய அசிட்டிக் அமிலத்தை விட்டுக்கொண்டே இருக்கும். முதல் பெட்டியை ஒட்டிய மறுநாளே செல்லை வைத்தேன். மாலைக்குள் மீடியம் மஞ்சளாகிவிட்டது. தொற்று என்று நினைத்து இன்குபேட்டர் முழுவதையும் கழுவித் துடைத்த பிறகுதான், பெட்டியைத் திறந்தபோது மூக்கில் ஏறிய வாடையின் அர்த்தம் புரிந்தது. நடுநிலைச் சிலிக்கோன் வாங்குங்கள். எதை ஒட்டினாலும் இரண்டு மூன்று நாள் சூடேற்றி, கதவைத் திறந்து ஆறவிடுங்கள்.

3டி அச்சில் போட்ட பாகங்களும் ஆகும். பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரி வாக்கில் இளகும். 37-க்குத் தாங்கும் என்றாலும் ஹீட்டர் பக்கத்தில் வைத்தால் வளைந்துவிடும். அங்கே ஏ.பி.எஸ். போடுங்கள்.

திரையில் 37.0 என்று காட்டுகிறது. அப்புறம் என்ன?

அந்த எண், சென்சார் ஒட்டியிருக்கும் இடத்தின் சூடு. செல் அங்கே குடியிருக்கவில்லை. இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

எண்ணெய் ஆப்ஜெக்டிவ் என்பது பித்தளையும் எஃகும் கண்ணாடியும் சேர்ந்த ஒரு கட்டி. அதன் முகத்துக்கும் டிஷ்ஷின் அடியாக இருக்கும் கவர்ஸ்லிப்புக்கும் நடுவே ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம்தான். கவர்ஸ்லிப்பின் தடிமன் 0.17 மி.மீ. அதன்மேல் உங்கள் செல். அதாவது செல் ஏறக்குறைய ஆப்ஜெக்டிவின் தலையிலேயே உட்கார்ந்திருக்கிறது. ஆப்ஜெக்டிவ் அறை வெப்பத்தில் இருந்தால், சேம்பரின் விளிம்பில் 37 இருக்கும்போதே, நீங்கள் படம்பிடிக்கும் அந்தப் புள்ளியில் மட்டும் இரண்டு மூன்று டிகிரி குறைந்து நிற்பது சாதாரணம். காற்று ஆப்ஜெக்டிவில் இந்தத் தொல்லை குறைவு, நடுவே இருக்கும் காற்று காப்பாக வேலை செய்யும்.

இரண்டு டிகிரிதானே என்று விடலாமா? உயிர்வேதி வேகம் பத்து டிகிரிக்கு இருமடங்காகும் என்ற பொதுக் கணக்கை எடுத்தால், இரண்டு டிகிரி குறைவுக்குச் சுமார் 13 விழுக்காடு மந்தம். 20 மணி நேரத்தில் பகுக்க வேண்டிய செல் 23 மணி நேரம் எடுத்துக்கொள்ளும். மருந்தின் விளைவு என்று நீங்கள் எழுதப்போவது அந்த ஆப்ஜெக்டிவின் விளைவாகவும் இருக்கலாம்.

அளக்கும் விதம் இது. செல் இல்லாத ஒரு டிஷ்ஷில் இரண்டு மி.லி. தண்ணீர் விடுங்கள். முடியளவு மெல்லிய தெர்மோகப்பிளின் (கம்பி வடிவ வெப்ப சென்சாரின்) முனையை, ஆப்ஜெக்டிவுக்கு நேர்மேலே கண்ணாடியைத் தொடும்படி ஒட்டுங்கள். எண்ணெய் வைத்து ஃபோகஸ் செய்யுங்கள். நுண்ணோக்கியில் அந்த முனை கறுப்பாகத் தெரிய வேண்டும். மூடியைப் போட்டு ஒரு மணி நேரம் விட்டுப் படியுங்கள். பிறகு ஆப்ஜெக்டிவைக் கீழே இறக்கிவிட்டு எண் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். அந்த ஏற்றம்தான் ஆப்ஜெக்டிவ் திருடிக்கொண்டிருந்த சூடு.

சென்சாரையும் அப்படியே நம்ப வேண்டாம். கே வகைத் தெர்மோகப்பிளில் உயர்ந்த தரம் என்று வருவதற்கே 1.5 டிகிரி பிழை அனுமதி உண்டு. நல்ல தெர்மிஸ்டர் (இன்னொரு வகை வெப்ப சென்சார்) 0.1, 0.2 டிகிரிக்குள் நிற்கும். எதுவானாலும் நொறுக்கிய பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்த ஃபிளாஸ்க்கில் ஒரு தரம் முக்கி, பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். 37-க்கு ஒரு காய்ச்சல் தெர்மாமீட்டர் துணை போதும்.

குறைவு தெரிந்தால், ஆப்ஜெக்டிவைச் சுற்றி ஒரு ஹீட்டர் பட்டை கட்டி, கண்ணாடியில் 37 வரும்வரை ஏற்றுங்கள். மெதுவாக ஏற்றுங்கள். உள்ளே இருப்பவை ஒட்டுப்போட்ட கண்ணாடிகள்.

ஃபோகஸ் நகர்ந்துகொண்டே இருக்கிறது. நுண்ணோக்கி பழுதா?

பெரும்பாலும் இல்லை, உலோகம் விரிகிறது. ஒரு மீட்டர் அலுமினியம் ஒரு டிகிரிக்கு 23 மைக்ரோமீட்டர் நீளும். மேடைக்கும் ஆப்ஜெக்டிவுக்கும் இடையில் பத்து செ.மீ. அலுமினியம் இருந்தால் டிகிரிக்கு 2.3 மைக்ரோமீட்டர். 1.4 எண்துளை (ஒளியைச் சேகரிக்கும் திறனின் அளவு) கொண்ட எண்ணெய் ஆப்ஜெக்டிவின் ஃபோகஸ் ஆழமோ அரை மைக்ரோமீட்டர் அளவுதான். ஆக, கால் டிகிரி ஆடினாலே செல் மங்கிவிடும். இதனால்தான், 37-ஐச் சுற்றி ஆடும் பெட்டியைவிட 36.7-இல் அசையாமல் நிற்கும் பெட்டி எனக்குப் பிடிக்கும்.

சூடானால் அணைந்து, குளிர்ந்தால் எரியும் சாதாரணத் தெர்மோஸ்டாட் போட்டால், ஃபோகஸ் வரைபடம் ரம்பப் பல்லாக வரும். தேவைக்கேற்பச் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் குறைக்கும் பி.ஐ.டி. கட்டுப்பாட்டுக் கருவி போடுங்கள். அதன் அளவுகளை, நுண்ணோக்கி உள்ளே இருக்க, பெட்டி மூடியிருக்க வைத்துச் சரிசெய்யுங்கள். காலிப் பெட்டியில் செய்தது செல்லாது. சென்சார் மேடைக்குப் பக்கத்தில், காற்று நேராகப் படாத இடத்தில் இருக்கட்டும்.

பெட்டி சரியாக இருந்தும் நகர்ந்தால் அறையைப் பாருங்கள். ஒரு ஆய்வகத்தில் தினமும் இரவு பத்து மணிக்குப் படம் மங்கும். கட்டடத்தின் ஏசி பத்து மணிக்கு நிற்பதைக் கண்டுபிடிக்க மூன்று வாரம் பிடித்தது. அறை வெப்பத்தையும் ஒரு சிறு கருவியில் பதிந்து வைத்தால் இந்த மூன்று வாரம் மிச்சம்.

கண்ணாடிக்கும் மீடியத்துக்கும் இடையிலான எல்லையில் அகச்சிவப்பு ஒளியை அனுப்பித் தூரத்தைப் பிடித்துக்கொள்ளும் தானியங்கி ஃபோகஸ் கருவிகள் இப்போது பல நுண்ணோக்கிகளில் உண்டு. நல்லவைதான். ஆனால் அவை செங்குத்து நகர்வை மட்டும்தான் மறைக்கும். செல் குளிரில் நடுங்குவது அவற்றுக்குத் தெரியாது.

கார்பன் டை ஆக்சைடு 5 விழுக்காடு என்பது கட்டாயமா?

அது மீடியத்தைப் பொறுத்தது. மீடியத்தில் இருக்கும் பைகார்பனேட்டும் மேலே இருக்கும் வாயுவும் சேர்ந்துதான் பி.எச்.-ஐத் தீர்மானிக்கின்றன. பைகார்பனேட் லிட்டருக்கு 26 மில்லிமோல் அளவில் இருந்தால், 5% வாயுவில் பி.எச். 7.4, 7.5 என்று நிற்கும். டி.எம்.இ.எம். என்ற வழக்கமான மீடியத்தில் லிட்டருக்கு 3.7 கிராம் சோடியம் பைகார்பனேட், அதாவது சுமார் 44 மில்லிமோல். அதே 5% வாயுவில் இது 7.7 வரை போகும். செல்கள் பழகிக்கொள்ளும் என்பது வேறு விஷயம். முக்கியமானது, இன்குபேட்டரில் என்ன விழுக்காடோ அதையே சேம்பரிலும் வையுங்கள்.

பெரிய பெட்டி முழுவதையும் இந்த வாயுவால் நிரப்பலாமா?

வேண்டாம். மேலே சொன்ன பெட்டியின் கொள்ளளவு 288 லிட்டர், அதுவும் இடுக்கு இடுக்காகக் கசியும் 288 லிட்டர். சிலிண்டர் காலியாகும், ஈரமும் சேர்ந்தால் லென்ஸும் உலோகமும் கெடும். டிஷ்ஷை மூடும் அரை லிட்டர்ச் சேம்பருக்குள் மட்டும் நிமிடத்துக்கு 100 மி.லி. போல விட்டால் போதும்.

5% கலந்தே வரும் சிலிண்டர் இருந்தால் தலைவலி இல்லை. நீங்களே கலப்பதானால் அகச்சிவப்பு உறிஞ்சலை அளக்கும் சென்சார் போடுங்கள். அதை ஈரமூட்டும் குடுவைக்கு முன்னால் மாட்டுங்கள், உள்ளே நீர் படிந்தால் கண்டபடி காட்டும். வாயுக் குழாய் சிலிக்கோனாக இருந்தால் கார்பன் டை ஆக்சைடு அதன் சுவர் வழியாகவே கசிந்துவிடும். சென்சாரில் 5 இருக்கும், டிஷ்ஷில் இருக்காது. பாலியூரித்தேன் அல்லது நைலான் குழாய் பாருங்கள்.

கலக்காத சிலிண்டர் அறையில் இருந்தால் அதைச் சுவரோடு கட்டுங்கள், எச்சரிக்கைக் கருவி வையுங்கள். எட்டு மணி நேர வேலைக்கு 0.5% என்பதே பல நாடுகளில் மேல் எல்லை. காற்றைவிடக் கனமான வாயு, தரையோடு தேங்கும்.

ஹெப்பஸ் போட்டால் வாயுவே வேண்டாமா?

ஹெப்பஸ், வாயு இல்லாமலே பி.எச்.-ஐப் பிடித்து வைக்கும் பொருள். லிட்டருக்கு 10 முதல் 25 மில்லிமோல் போட்டால் சில மணி நேரத்தை ஓட்டித் தரும். ஒரு நாள் முழுக்க என்றால் வாயு வேண்டும், அல்லது சாதாரணக் காற்றுக்கென்றே வகுத்த எல்-15 மீடியம் வேண்டும். இன்னொன்று: ஹெப்பஸும் ரிபோஃபிளேவினும் (வைட்டமின் பி2) இருக்கும் மீடியத்தில் வெளிச்சம் பட்டால், செல்லுக்கு நஞ்சான ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகும். நீல ஒளியில் அடிக்கடி படமெடுப்பவர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

மூடித்தான் வைத்திருக்கிறேன். மீடியம் எப்படி வற்றுகிறது?

வாயு கொண்டுபோகிறது. 37 டிகிரியில் ஒரு லிட்டர் காற்று 44 மி.கி. நீராவியைத் தாங்கும். நிமிடத்துக்கு 100 மி.லி. உலர்ந்த வாயு என்றால் ஒரு நாளைக்கு 144 லிட்டர். அது முழுக்க நனைந்து வெளியேறினால் 6.3 மி.லி. தண்ணீர் போயிருக்கும். உங்கள் டிஷ்ஷில் இருப்பதோ இரண்டு மி.லி. பாதி நனைந்து வெளியேறினாலும் டிஷ் காய்ந்துவிடும்.

சரி, தண்ணீர்க் குடுவைக்குள் குமிழியாக விட்டு ஈரமூட்டுகிறேன் என்பீர்கள். குடுவை அறை வெப்பத்தில் இருந்தால் பாதிக் கிணறு தாண்டியதுதான். 25 டிகிரியில் முழுக்க நனைந்த வாயு 23 மி.கி. மட்டுமே சுமக்கும். சேம்பருக்குள் 37-க்கு வந்ததும் மீதி 21 மி.கி.-ஐ உங்கள் டிஷ்ஷில் இருந்து எடுத்துக்கொள்ளும். ஒரு நாளைக்கு 3 மி.லி. எனவே குடுவையும் 37-இல் இருக்க வேண்டும். அதில் இருந்து சேம்பருக்கு வரும் குழாயும் சூடாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நடுவழியில் நீர் தேங்கி, குழாயை அடைத்து, வாயு விட்டு விட்டு வரும். பெரிய பெட்டியில் இருக்கும் வசதி இதுதான்: குடுவையையும் குழாயையும் அதற்குள்ளேயே வைத்துவிடலாம்.

பத்தில் ஒரு பங்கு தண்ணீர், அதாவது 0.2 மி.லி., போனாலே மீடியத்தின் சவ்வூடு செறிவு (கரைந்திருப்பவற்றின் அடர்த்தி, மில்லிஆஸ்மோலில்) 290-இல் இருந்து 320-க்கு மேல் ஏறிவிடும். செல் சுருங்கும். படத்தில் பார்த்தால் அது மருந்தின் வேலை மாதிரியே தெரியும். சோதிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். டிஷ்ஷை எடை போடுங்கள், இரவு முழுக்கச் சேம்பரில் ஓடவிடுங்கள், காலையில் திரும்ப எடை போடுங்கள். 20 மி.கி. குறைந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். 200 மி.கி. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது.

எல்லாம் செய்தும் வற்றினால், மீடியத்தின்மேல் செல்லுக்குப் பாதகமில்லாத கனிம எண்ணெயை மெல்லியதாகப் படரவிடுங்கள். வாயு உள்ளே போகும், தண்ணீர் வெளியே வராது. நடுவில் மருந்து சேர்க்க வேண்டிய சோதனைக்கு மட்டும் இது இடைஞ்சல்.

மூடியில் நீர்த்துளி படிந்து படம் மங்குகிறதே?

மூடி டிஷ்ஷைவிடக் குளிர்ந்திருக்கிறது. அதை ஓரிரு டிகிரி அதிகச் சூட்டில் வைத்தால் துளி படியாது. ஒளி ஊடுருவும் மின்கடத்திப் பூச்சுப் போட்ட கண்ணாடி மூடிகள் இதற்கென்றே கிடைக்கின்றன.

எண்ணெய் எதுவானாலும் பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. எண்ணெயின் ஒளிவிலகல் எண் 1.515 அல்லது 1.518 என்று குப்பியில் போட்டிருப்பது அறை வெப்பத்துக்கு. சூடாக ஆக அது குறையும், டிகிரிக்கு 0.0003, 0.0004 என்ற கணக்கில். 14 டிகிரி ஏறினால் 0.005 அளவு. சிறிய எண்தான், ஆனால் ஒளிப்புள்ளியின் ஒரு பக்கம் கூர்மையாகவும் மறு பக்கம் புகைந்தும் தெரிய அது போதும். 37 டிகிரிக்கென்றே தயாரித்த எண்ணெய் கிடைக்கிறது. தண்ணீர் ஆப்ஜெக்டிவ் என்றால் தண்ணீர் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். தண்ணீரின் ஒளிவிலகலையே கொண்ட, ஆவியாகாத திரவம் போடுங்கள்.

ஹீட்டர் கட்டுப்பாடு பழுதானால்?

இதை யாரும் கேட்பதில்லை, நானே சேர்த்துக்கொண்டேன். ஹீட்டரை எரிய வைக்கும் சாலிட் ஸ்டேட் ரிலே (மின்னணுச் சுவிட்ச்) பழுதாகும்போது பெரும்பாலும் மூடிய நிலையிலேயே, அதாவது மின்சாரம் ஓடும் நிலையிலேயே, நின்றுவிடும். கட்டுப்பாட்டுக் கருவி அணைக்கச் சொல்லும், ஹீட்டர் எரிந்துகொண்டே இருக்கும். மேலே கணக்குப் போட்ட பெட்டியில் 300 வாட் நிற்காமல் ஓடினால், கசிவே இல்லை என்று வைத்தால், அறையைவிட 26 டிகிரி ஏறும். 22-உடன் கூட்டினால் 48. செல் போய்விடும், நுண்ணோக்கியின் மின்பலகைகளுக்கும் ஆகாது. 1000 வாட் போட்டவர் கதையை நினைத்துப் பாருங்கள். 42 டிகிரியில் தானாகத் துண்டிக்கும் தனி வெப்பச் சுவிட்ச் ஒன்றை ஹீட்டரின் மின்கம்பியிலேயே தொடராக மாட்டுங்கள். மென்பொருள், ஆர்டுயினோ மாதிரிச் சிறு கணினிப் பலகை எதையும் நம்பி அது இருக்கக் கூடாது.

பூஞ்சை வருகிறது.

சூடும் ஈரமும் இருந்தால் வரத்தான் செய்யும். குடுவையில் கிருமிநீக்கிய வடிநீர், வாரத்துக்கு ஒரு முறை மாற்று. வாயுக் குழாயில் 0.2 மைக்ரோமீட்டர் வடிகட்டி. வேலை முடிந்ததும் சேம்பரைக் காய வைத்து எடுத்து வையுங்கள்.

சேம்பர் நன்றாக வேலை செய்கிறது என்று எப்படி நிச்சயப்படுத்துவது?

செல்லையே கேளுங்கள். ஒரே வளர்ப்புக் குடுவையில் இருந்து மூன்று டிஷ்ஷில் ஒரே எண்ணிக்கையில் செல் போடுங்கள். ஒன்று இன்குபேட்டரிலேயே இருக்கட்டும். இரண்டாவது சேம்பரில், வெளிச்சமே படாமல். மூன்றாவது சேம்பரில், நீங்கள் வழக்கமாக எடுக்கும் அதே இடைவெளியில் படமெடுத்துக்கொண்டு. இடம் ஒன்றுதான் என்றால் இரண்டாவதையும் மூன்றாவதையும் அடுத்தடுத்த நாள் செய்யலாம், ஒவ்வொரு தடவையும் இன்குபேட்டர் டிஷ் துணையோடு. ஆய்வகங்களில் பரவலாக வளர்க்கும் மனிதச் செல்லான ஹீலா, ஒரு நாள் வாக்கில் இருமடங்காகும். 24 மணி நேரம் கழித்து எண்ணிப் பாருங்கள்.

இருட்டில் இருந்த டிஷ்ஷே பின்தங்கினால் குறை பெட்டியில்: சூடு, வாயு, தண்ணீர் என்று வரிசையாகத் தேடுங்கள். வெளிச்சம் பட்டது மட்டும் பின்தங்கினால் பெட்டியைத் தொடாதீர்கள், விளக்கைக் குறையுங்கள்.

நான் இதை முதலில் செய்து பார்த்தபோது இருட்டு டிஷ் இன்குபேட்டருக்குச் சமமாக வந்தது. படமெடுத்த டிஷ்ஷில், பகுக்கத் தயாராகி உருண்ட செல்கள் பல மணி நேரம் அப்படியே உருண்டு கிடந்தன. அதற்கு முந்தைய இரண்டு மாதமும் நான் ஹீட்டரைத்தான் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். நீல ஒளியைக் கால்வாசியாக்கி, இரண்டு நிமிட இடைவெளியைப் பத்து நிமிடமாக்கினேன். படம் கொஞ்சம் புள்ளி புள்ளியாகத்தான் வந்தது, ஆனால் மறுநாள் காலையில் உருண்டவை எல்லாம் இரண்டாகி விலகி, டிஷ்ஷில் ஒட்டிப் படர்ந்திருந்தன.